பதினோரு வீட்டுச் சந்தின் முதல் தேர்தல்

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது எங்கள் சந்து ஒரு தேசத்தோடு இணைந்தது. தேசம் என்றால் பயந்துவிட வேண்டாம். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதிக்குப் பின்பக்கம் இருக்கிற ஒரு தெருவின் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்தான் அது. ஆனால் அதற்கும் ஒரு பிரசிடெண்ட் இருந்தார், கமிட்டி இருந்தது, ஓணத்துக்கு ஓணம் தேர்தல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஓர் எல்லை இருந்தது.

எல்லை என்பது சந்தின் கோடியில் நின்ற இரும்புக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் மரங்கள், பஸ் நிறுத்தம், ஷட்டில் ஆட ஒரு காலி மனை, கொஞ்சம் தள்ளி எங்கள் பள்ளிக்கூடம். கதவு எப்போதும் பூட்டியே கிடக்கும், சாவி பிரசிடெண்ட் வீட்டில். அதனால் ஐந்து நிமிடத்தில் போகவேண்டிய பள்ளிக்கு நாங்கள் சந்தின் இன்னொரு முனை வழியாகக் கடைவீதிக்குப் போய், லாரிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே புகுந்து, ஊரையே ஒரு சுற்று சுற்றிப் போவோம். சந்தில் பதினோரு வீடுகள். எல்லாம் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்த குடும்பங்கள். கடைவீதியைப் பார்த்த முனையில் இரண்டு பக்கமும் வரிசையாக அந்தப் பதினோரு வீட்டுக்காரர்களின் கடைகள். அப்பாவுக்குக் கயிறும் சாக்கும், பெரியப்பாவுக்குப் பித்தளைப் பாத்திரம், அடுத்தது ஆணிக்கடை, அதற்கடுத்தது பூஜைச் சாமான் என்று போகும்.

அந்த வருஷம் சாக்கடை வேலைக்கு வந்த என்ஜினீயர், தெருவும் சந்தும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நடக்கும் என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் அசோசியேஷன் எங்களைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்ட அடுத்த மாதமே தேர்தல். வீட்டுக்கு ஒரு ஓட்டு, பதினெட்டு வயது ஆன யார் வேண்டுமானாலும் வந்து போடலாம்.

இதில் எல்லாரையும்விட அதிகம் துள்ளியவர் மாமா. அம்மாவின் தம்பி. வங்கிப் பரீட்சைக்குப் படிப்பதற்காக எங்கள் வீட்டு மாடியில் தங்கியிருந்தார். எந்தக் கேள்வித்தாளிலும் வராத பொது அறிவு முழுவதும் அவர் தலையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சந்து ஆண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அவர் அமெரிக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“அமெரிக்காவுல அந்தக் காலத்துல நெவாடான்னு ஒரு மாகாணம் அத்தான். நாட்டோட சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள பிரசிடெண்ட் எலெக்‌ஷன் வந்துட்டு. சட்டப்புஸ்தகம் மொத்தத்தையும் தந்தியில அடிச்சு அனுப்பிட்டு ஓட்டுப் போட்டாங்க.”

“ஒரு வாரத்திலயா?” என்றார் பெரியப்பா. “இங்க ரேஷன் கார்டுல எம் பேரைத் திருத்த ரெண்டு வருசம் நடந்தேன் கேட்டியா.”

அந்த மாகாணத்தின் பேரில் பிரதிநிதிகள் போடுவது மூன்று ஓட்டு, அதில் ஒரு ஓட்டைப் போடவேண்டியவர் பனியில் மாட்டிக்கொண்டு கடைசிவரை வந்து சேரவில்லை என்பதையும் மாமா சொன்னார். எல்லாரும் அந்த மனிதருக்காக ‘த்சொ’ கொட்டினார்கள். பிறகு மாமா விஷயத்துக்கு வந்தார். அங்கே ஒரு மாகாணத்தில் யார் ஜெயிக்கிறாரோ அவருக்கே மாகாணத்தின் மொத்த ஓட்டும். அதைப்போல நாமும் பதினோரு ஓட்டையும் சிதறவிடாமல் ஒரே ஆளுக்குப் போடவேண்டும். தெருவில் இருக்கிற நாற்பத்திரண்டு வீடும் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறது. ஆகையால் நம் சந்து சொல்கிற ஆள்தான் பிரசிடெண்ட்.

யாருக்குப் போடுவது என்பதில் குழப்பமே இல்லை. பழைய பிரசிடெண்ட் மறுபடியும் நின்றார். கதவைத் திறந்தால் திருடன் வருவான் என்பது அவர் கட்சி. அவரை எதிர்த்து நின்றவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். ஜெயித்தால் அன்றைக்கே கதவைத் திறப்பேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியாயிற்றே என்று அப்பாக்கள் எல்லாரும் டீச்சருக்கே என்று தலையாட்டினார்கள். டீச்சர் ஓட்டுக் கேட்டு வரும்போது அவரிடமே சொல்லிவிடலாம் என்று கூட்டம் கலைந்தது.

இந்த இடத்தில்தான் நான் சந்தைக் காட்டிக்கொடுத்தேன்.

எங்கள் ஷட்டில் பூ கதவுக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. கம்பிக்குள் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த பிரசிடெண்ட் அதை எடுத்து நீட்டினார். வெள்ளை வேட்டி, நல்ல சிரிப்பு.

“மோளே, அச்சன்கிட்ட ஒரு காரியம் கேக்கணும். எப்ப போனா ஒத்துக்குவார்?”

பெரிய மனுஷர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் ஆளிடம் எதற்குமே இல்லை என்று சொல்லமாட்டார், சொன்னால் அன்றைக்கு வியாபாரமே படுத்துவிடும், கடைக்காரர்கள் எல்லாருக்கும் போணி என்றால் அப்படித்தான், நான்கூட ஷட்டில் மட்டையை அப்படித்தான் வாங்கினேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். உண்மைதான். ஒரு நாள் விடிந்ததும் கடை வாசலில் போய் நின்று, கோலிக்குண்டுப் பைக்கு ஒரு சாண் கயிறு வாங்கிவிட்டு, அந்தக் கையோடு மட்டையும் வேண்டும் என்றேன். அப்பா என்னை முறைத்தார், ஆனால் வாங்கிக்கொடுத்தார்.

மறுநாள் முதல் பிரசிடெண்ட் தினமும் காலையில் குடையும் கையுமாகக் கடைவீதிக்கு வந்தார். ஒரு நாளைக்கு ஒரு கடை. பூட்டைத் திறக்கும்போதே வாசலில் நிற்பார், ஏதாவது ஒன்றை வாங்குவார், வாங்கிய கையோடு ஓட்டைக் கேட்பார். பூஜைச் சாமான் கடையில் கற்பூரம், ஆணிக்கடையில் கொண்டி, பெரியப்பா கடையில் ஒரு பித்தளைக் கரண்டி. எங்கள் கடையில் கிணற்றுக் கயிறு வாங்கினார். அவர் வீட்டில் கிணறே கிடையாது. பதினோராம் நாள் முடிந்தபோது சந்து மொத்தமும் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தது.

எங்கள் கடைக்கு அவர் வந்த அன்று மத்தியானம், சாப்பிட உட்கார்ந்த அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை.

“இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றாள் அம்மா.

“ஓணச் சமயம். போணிக்கு வந்து நிக்கிற மனுசன்கிட்ட இல்லைன்னு சொல்லச் சொல்லுதியா?”

அம்மா மோர் ஊற்றினாள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான், அதை மாற்றுகிற வழக்கம் எங்கள் சந்தில் இல்லை. பாவம், டீச்சர் மரியாதை தெரிந்தவர். எல்லாரும் குளித்துச் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து, பத்து மணிக்குமேல் வீடுவீடாக வந்தார். ஆண்கள் கடையில் இருந்தார்கள். அவர் பெண்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்துப் பேசிவிட்டுப் போனார். திரும்பும் வழியில் கடைகளில் நுழைந்தபோது ஒவ்வொருவரும் தராசையும் கூரையையும் பார்த்தபடி, வாக்குக் கொடுத்தாச்சு டீச்சர் என்று முனகினார்கள்.

என் வாயால்தான் கதவு திறக்காமல் போகிறது. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். அதுவும் போதாமல், பயறு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா கையிலிருந்த பயறை முறத்தில் போட்டாள்.

“அவரு கேக்கச்ச கடையில இருந்தது ஆரு?”

“அப்பா.”

“வாக்குக் கொடுத்தது?”

“அப்பாதான்.”

“அப்ப நீ எதுக்கு அழுகே? மூக்கைத் துடை” என்று சொல்லிவிட்டு மிச்சப் பயறையும் உரித்தாள். அன்று சாயங்காலம் கறிவேப்பிலை வேண்டும் என்று ஒவ்வொரு வீடாகப் போனாள். எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. அம்மாவுக்கு என்னைவிடத் துக்கம் அதிகம், அதனால்தான் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்தல், ஓணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. ஓணக் கொண்டாட்டத்தையும் தேர்தலையும் சேர்த்தே வைப்பது அசோசியேஷன் வழக்கம். மற்ற ஞாயிறுகளில் கடைவீதி மூடியிருக்கும். அந்த ஞாயிறு மட்டும் கால் வைக்க இடமிருக்காது. எந்த ஆணும் கடையைவிட்டு நகர முடியாது. அதனால் பதினோரு வீட்டிலிருந்தும் பெண்கள் போய் ஓட்டுப் போடுவது என்று முடிவாயிற்று. பிரசிடெண்டின் சின்னம் குடை, டீச்சருக்கு மாம்பழம்.

பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, அம்மாவும் மற்றவர்களும் கல்யாண வீட்டுக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பினார்கள். கதவு பூட்டியிருந்ததால் கடைவீதி வழியாகத்தான் சுற்றிப் போகவேண்டும். ஒவ்வொரு கடையாகத் தாண்டும்போதும் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“குடை. மறந்துராதே.”

“செரி, குடை.”

“மேல இருக்கிற படம், கேட்டியா? குடை.”

“குடைதான், தெரியும்.”

பாதி வழியில், கூட வந்த மாமா எண்ணிப் பார்த்துவிட்டுப் பதறினார். பத்துப் பேர்தான் இருந்தார்கள். பெரியம்மாவைக் காணோம். அவளுக்கு இரண்டு முட்டியும் வலி, வீட்டு வாசல்படி இறங்கவே கால்மணி நேரம் ஆகும். மாமா தலையில் கைவைத்து, நெவாடாக்காரன் பனியில் நின்றதுபோல அக்கா இந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்றார். அம்மாவும் இன்னொருத்தியும் திரும்பிப் போய்ப் பெரியம்மாவை இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிவந்தார்கள். நான் முன்னால் நடந்து, வழி விடுங்கள் என்று கேட்டேன். என் குரல் யாருக்குக் கேட்கும்? அரிசி மூட்டையோடு போன ஒரு சுமட்டுத் தொழிலாளி நின்று பார்த்தார். மூட்டையை இறக்காமலே, “மாறிக்கோ, அம்மச்சி வோட்டிடான் போவுகயா” என்று ஒரு சத்தம் போட்டார். கடைவீதி இரண்டாகப் பிளந்தது. பெரியம்மா அந்த நடுவழியில் அடிமேல் அடி வைத்து நடந்தாள். பித்தளைக் கடை வாசலில் பெரியப்பா, “குடை” என்றார். பெரியம்மா மூச்சு வாங்கியபடி தலையை மட்டும் ஆட்டினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடத் துணியை எடுத்துவிட்டார்கள். கடைசி ஓட்டு பெரியம்மாவுடையது.

பாயசம் விளம்பும்போது முடிவைச் சொன்னார்கள். பிரசிடெண்டுக்கு இருபத்திரண்டு, டீச்சருக்கு முப்பத்தொன்று.

மாமா தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். தெருவில் மட்டும் பிரசிடெண்டுக்கு இருபத்திரண்டு, டீச்சருக்கு இருபது என்று அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா பாயசத்திலிருந்த முந்திரியை எனக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மாமா காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, இன்னொரு கப் பாயசம் கேட்டார். அவருடைய பொது அறிவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

கடையில் செய்தி கேட்ட அப்பா, “நாம கொடுத்த வாக்கைக் காப்பாத்தியாச்சு. அவரைத் தெருக்காரங்கதான் கவுத்துட்டாங்க” என்று நிம்மதியாகச் சொன்னார். மற்ற பத்துப் பேரும் அதையே சொன்னார்கள். காலம் முழுவதும் கூட்டலும் கழித்தலுமாக வாழ்ந்த மனிதர்கள் அவர்கள். அந்த ஒரு கூட்டல் மட்டும் எப்படிப் பிடிபடவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். எனக்கு அன்று எந்தச் சந்தேகமும் இல்லை. எல்லாம் பிள்ளையார் செய்த வேலை. அம்மா மறுபேச்சில்லாமல் எனக்குத் தேங்காய் வாங்கித் தந்தாள்.

டீச்சர் சொன்ன சொல் தவறாமல் அன்று சாயங்காலமே சாவியோடு வந்தார். பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. ஆணிக்கடையிலிருந்து சுத்தியல் வந்து, நாலு அடியில் பூட்டு விழுந்தது. நாங்கள் பிள்ளைகள் கத்திக்கொண்டு அந்தப் பக்கம் ஓடி, காலி மனையில் விழுந்து புரண்டு, மட்டைக்காகத் திரும்பி ஓடிவந்தோம். அப்போது பெண்கள் பதினோரு பேரும் எதிரே வந்தார்கள். கையில் பை இல்லை, கூடை இல்லை. பெரியம்மாகூட வந்தாள். மெதுவாகத் தெருக்கோடிவரை நடந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். ஒரு பஸ் வந்தது, யாரும் ஏறவில்லை, அது போயிற்று. எதற்கோ எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அம்மா வாயைப் பொத்தாமல் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு வந்த வழியே திரும்பி வந்தார்கள்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. கதவு திறந்தது நாங்கள் பள்ளிக்கூடம் போவதற்கு. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு இங்கே என்ன வேலை?

கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்த நாளிலிருந்து, பதினோரு கடைகளையும் தாண்டாமல், ஒவ்வொரு கடை வாசலிலும் எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், அம்மா வீட்டைவிட்டு வெளியே போய்வந்தது அதுதான் முதல் தடவை. அது எனக்கு அப்போது தெரியாது. அதனால் கதவுக்குள் நுழைந்தவளை வழிமறித்து நின்று, நானும் அதையே கேட்டேன்.

“எங்கேம்மா போனே?”