பஸ்சில் ஏறாதவனுக்கு ஒரு சர்ட்டிபிகேட்

போன ஞாயிற்றுக்கிழமை சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் அம்மா தள்ளுவண்டியில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தார். சுளையைத் தட்டில் அடுக்கிவிட்டுக் கொட்டைகளைக் காலடியில் கிடந்த சாக்கில் போட்டார். நான் சுளை வாங்கவில்லை. "அந்தக் கொட்டையைத் தருவீங்களா?" என்று கேட்டேன். கையில் குடையும் பையில் பேனாவுமாக வாத்தியார் வேஷத்தில் நிற்கிறவன் இதைப் போய்க் கேட்கிறானே என்று ஏற இறங்கப் பார்த்தார். "எடுத்துக்கங்க சார், மாட்டுக்குத்தான் போவுது" என்று காகிதத்தில் அள்ளிக் கட்டிக் கொடுத்தார். அறைக்கு வந்து ஸ்டவ்வில் வாணலியை வைத்து வறுத்தேன். தோல் வெடித்துக் கருகும் வாசனை எழுந்ததும் வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிட்டார். "என்ன சார் தீயுது?" என்றார். என்ன பதில் சொல்வது, சொல்லுங்கள். நாகலூர் தீயுது என்றா?

ஏற்காட்டு மலையில், நாகலூருக்குப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. இரண்டு அறை. அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்ட அத்தை, பிள்ளைகள் நாங்கள் நாலு பேர், சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேர் என்று மொத்தம் பதினொரு பேர். காலையில் வெந்நீர் அடுப்பின் தணலில் பலாக்கொட்டை சுடுவாள் அம்மா. சூட்டோடு ஆளுக்கு ஒரு கைப்பிடி. அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக் கையையும் உள்ளே விட்டுக்கொண்டு நடந்தால், பனிமூட்டத்தில் விறைக்கிற விரல்களுக்கு அதுதான் கணப்பு. ஏற்காட்டுப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் சூடு ஆறியிருக்கும். இன்டர்வலில் அதுவே தின்பண்டம்.

அம்மாவின் கையில் எந்தப் பொருளும் ஒரே ஒரு வேலையைச் செய்துவிட்டுத் தப்பித்துப் போனதில்லை. உரச்சாக்கு முதலில் உரம் சுமக்கும். பிறகு துவைத்து ஒரு மூலையை மடித்துவிட்டால் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணி. அது கிழிந்தால் வாசலில் கால்மிதி. அதுவும் நைந்தால் அடுப்பு பற்றவைக்க. ஒரு சாக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தால் சாம்பலாகத்தான் வெளியே போகும்.

காப்பிச் செடிக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். வீட்டில் குடித்ததோ மல்லிக் காப்பி. கொத்தமல்லியும் சுக்கும் வெல்லமும் போட்டது. நிஜக் காப்பி கிறிஸ்துமஸ் அன்று மட்டும். கீழ்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் இதைக் கேட்டு அதிசயப்பட்டார். "பகல் பூராவும் காப்பிகூடத்தானுங்க கெடக்கறோம். ஊட்டுக்கு வந்தும் அது மூஞ்சியிலயே முழிக்கோணுங்களா?" என்றாள் அத்தை. வந்தவர் இன்னொரு டம்ளர் மல்லிக் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் முட்டைப் பொரியல் நடக்கும். நாலு முட்டை, பதினொரு பேர். மிச்சத்தை வெங்காயம் பார்த்துக்கொள்ளும். முட்டை வாசம் அடிக்கிற வெங்காயம் என்று சித்தப்பா சொல்வார். ஆனால் அந்த வாசனைக்கு இரண்டு வீடு தள்ளியிருந்தவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். நான் இன்று தனியாக இரண்டு முட்டை உடைத்துப் போட்டுத் தின்கிறேன். வாசனை என் மேஜையைக்கூடத் தாண்டுவதில்லை.

இப்படி எதிலும் ஒரு முறை வைத்திருந்த அம்மா பஸ்சுக்கும் ஒன்று வைத்திருந்தாள். காய்ச்சல்காரர் ஏறலாம், பிள்ளைத்தாய்ச்சி ஏறலாம், மூட்டை ஏறலாம். மற்றவர்கள் நடக்க வேண்டும். "காலு நல்லா இருக்கறவனுக்கு எதுக்குச் சாமி பஸ்சு? பஸ்சுக்குப் பாவம் காலு இல்ல, அதனால உருளுது" என்பாள். குறுக்குப் பாதையும் ரோடுமாக மாறிமாறி நடந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரை மணி நேரம். பத்தாவது முதல் பிளஸ் டூ வரை மூன்று வருஷம் அப்படித்தான் போனேன். தினமும் ஒரே இடத்தில் பஸ் என்னைத் தாண்டும். மழை நாளில் பக்கத்தில் வந்து மெதுவாகும். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறிக்க கண்ணு, டிக்கெட் வாண்டாம்" என்பார். நான் கும்பிட்டுவிட்டு விலகி நிற்பேன். என் நேர்மையைப் பார்த்து அவர் உருகிப்போனாராம். உண்மையை உங்களிடம் சொல்கிறேன். பஸ்சில் எங்கள் வகுப்புப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். என் தலையில் உரச்சாக்கு இருக்கும்.

பிளஸ் டூ தேறினேன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். ஜூலை மாதம், விடாத மழை. தபால் தாமதமாக வந்தது. வியாழக்கிழமை சேலத்தில் நேர்முகம் என்று போட்டிருந்த கார்டு செவ்வாய்க்கிழமைதான் கைக்குக் கிடைத்தது. அந்த இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். ஆட்கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் அப்பாவிடம் சொல்லிவிட்டார்: "திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க, ஆள் நோட்டுல பேரு போட்டுர்றேன். வயசுப் பையன எத்தன நாளைக்குச் சும்மா வெச்சுக்குவீங்க?" அப்பா தலையாட்டிவிட்டு வந்திருந்தார். ஒரு முறை பெயர் ஏறிவிட்டால் அது சுலபத்தில் இறங்காது.

கார்டில் கேட்டிருந்ததெல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. "காண்டக்ட் சர்ட்டிபிகேட் இல்லம்மா. ஹெட்மாஸ்டர் ஊருக்குப் போயிட்டாரு, வெள்ளிக்கிழமதான் வருவாரு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அதுக்கெதுக்கு ஹெட்மாஸ்டரு? நான் வாங்கியாரேன் போ" என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நான் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவள் பஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருக்கிறாள். கூடப் போன அத்தை, எல்லாம் முடிந்த பிறகு நடித்தே காட்டினாள்.

"ஏனுங்க தம்பி, எம் பையனுக்கு நீங்க ஒரு சர்ட்டிபிகேட்டு தரோணுமுங்க."

"நானுங்களா? எதுக்குங்கக்கா?"

"வாத்தியாருக்குப் படிக்கப் போறானுங்க. கண்டக்டர் சர்ட்டிபிகேட்டு இல்லாம சேத்துக்க மாட்டாங்களாம்."

கண்டக்டருக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் அரசாங்கம் கேட்கிறது என்றால் கேட்கத்தான் செய்யும். "அவன் எம் பஸ்சுல ஒரு நாளும் ஏறுனதில்லீங்களே! நான் என்னத்த எழுதறது?"

"அதையே எழுதுங்க."

பஸ்சுக்குள் சிரிப்பு. டிரைவர் ஹாரனை அடித்து, "எழுதிக் குடு மாப்ள, ஊர்ப்பட்ட வேல கெடக்குது" என்றாராம். நாளைக்குத் தருகிறேன் என்று கண்டக்டர் விசில் கொடுத்திருக்கிறார்.

வியாழக்கிழமை காலை முதல் தண்ணி எனக்கு. இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் ஓர் அண்டா வெந்நீர்தான். முதலில் குளிப்பவருக்குக் கொதிக்கும், கடைசியில் குளிப்பவருக்குக் குளிரும். அன்றைக்கு யாருக்கு முக்கியமான வேலையோ அவருக்கு முதல் தண்ணி. சண்டை கிடையாது. சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையை அத்தை சொம்பில் தணல் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். செருப்பு அப்பாவுடையது, ஒரு விரல் பெரியது. பெல்ட் அண்ணனுடையது. கைக்குட்டையைச் சித்தி மடித்துக் கொடுத்தாள். என் தங்கை அவளுடைய ஜாமெட்ரி பெட்டியைக்கூட நீட்டினாள், எதற்கென்று அவளுக்கும் தெரியாது. எனக்கென்று சொந்தமாக இருந்தது உள்ளே படபடத்த நெஞ்சு ஒன்றுதான்.

"நடந்தா நேரத்துக்குப் போவ முடியாதேம்மா" என்றேன்.

"இன்னிக்கு நீ மூட்ட சாமி. உன்னய நான் தூக்கிட்டுப் போறேன். வா, பஸ்சு வந்துரும்" என்றாள்.

பஸ்சில் ஏறியதும் கண்டக்டர் நாலாக மடித்த காகிதம் ஒன்றை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். "என்னம்மா அது?" என்றதற்கு "ஒண்ணுமில்ல கண்ணு" என்றாள். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குமட்டியது. மேற்கொண்டு கேட்கவில்லை.

நேர்முக அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "நன்னடத்தைச் சான்றிதழ் எங்கப்பா?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் கதவோரம் நின்றிருந்த அம்மா முன்னால் வந்து, "இருக்குதுங்க" என்று காகிதத்தை நீட்டினாள். அதிகாரி பிரித்தார். புருவம் மேலே போனது. பிறகு சத்தமாகவே படித்தார்:

"எஸ்டேட் லைனில் குடியிருக்கும் மேற்படி பையனை மூன்று வருஷமாகத் தெரியும். என் பஸ்சில் ஒரு நாளும் ஏறியதில்லை. காலையில் நான் போகும்போது நடந்து போவான். சாயங்காலம் நான் வரும்போது நடந்து வருவான். மழையில் சும்மா ஏறிக்கொள் என்று கூப்பிட்டும் ஏறவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் வேண்டாம் என்றும் ஏறாதவனை இவனைத்தான் பார்த்தேன். இப்படிக்குக் கண்டக்டர்."

அறை சிரித்தது. என் காது இரண்டும் சுட்டன. அப்போதுதான் எனக்கு நடந்தது முழுவதும் விளங்கியது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். தவறு என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடத்தையைக் கேட்டா நடையைப் பத்தி எழுதியிருக்காரு" என்றார் மெதுவாக. பிறகு என்னிடம், "தம்பி, சட்டப்படி ஸ்கூல் சர்ட்டிபிகேட்தான் வேணும். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் உன் இடத்தை வெச்சிருப்பேன். அதுக்கப்புறம் அடுத்த பேருக்குப் போயிடும்" என்றார். கண்டக்டரின் காகிதத்தை அவர் திருப்பித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டர் ஊரிலிருந்து வந்து இறங்கியபோது மணி பன்னிரண்டு. ஒரே நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தார்: "இவரது நடத்தை: நன்று." அதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை. ஒரு மணி பஸ்சைப் பிடித்தேன், அதே கண்டக்டர். பாதி மலை இறங்குவதற்குள் பஸ் நின்றுவிட்டது. முன்னால் வரிசையாக வண்டிகள். மரம் விழுந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது. கோடாலி வர வேண்டும், ஆட்கள் வர வேண்டும். இரண்டு மணி ஆனது. இரண்டேகாலும் ஆனது. கண்டக்டர் என் ஸீட்டுக்கு வந்தார்.

"ஏன் கண்ணு, இன்னும் என்னத்துக்கு உக்காந்திருக்கற?"

"பஸ்சு எப்பங்கண்ணா எடுக்கும்?"

"இது இன்னிக்கு எடுத்த மாதிரிதான். உனக்கென்னடா, நடக்கறவன்! எறங்கு. நான் எழுதிக் குடுத்தது பொய்யாப் போயிரப்போவுது, ஓடு!"

இறங்கினேன். சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் விட்டேன். அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். வண்டி சுற்றிச் சுற்றி இறங்கும் வளைவுகளை நான் நேர் குறுக்காக, மூங்கில் புதருக்கு நடுவே, சேற்றில் பாதி வழுக்கிக்கொண்டே இறங்கினேன். பின்னால் பஸ்சிலிருந்தவர்கள் கைதட்டியது கொஞ்ச தூரம் கேட்டது. மூன்று வருஷம் அம்மா என்னை நடக்கவிட்டது இந்த ஒரு நாளுக்காகத்தான் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அடிவாரத்தில் டவுன் பஸ் கிடைத்தது. அலுவலகத்துக்குள் நுழைந்தபோது நாலே முக்கால். முழங்கால் வரை சேறு. அதிகாரி என் காலைப் பார்த்தார், கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் கொடுத்ததை மேலே வைத்து, கண்டக்டர் கொடுத்ததை அதற்கு அடியில் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கயிறு கோத்துக் கட்டினார்.

திங்கட்கிழமை ரைட்டரின் நோட்டில் என் பெயர் ஏறவில்லை.

அந்த லைன் வீடுகள் இப்போது கூரையில்லாமல் நிற்கின்றன. அப்பா இல்லை. சித்தப்பா குடும்பம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டது. அம்மாவும் அத்தையும் மாரமங்கலத்தில் அண்ணனோடு இருக்கிறார்கள். கண்டக்டர் ரிட்டயர் ஆகி எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. காகிதத்தில் கையெழுத்து இருந்தது. அதை வைத்தாவது கண்டுபிடிக்கலாம் என்று, போன மாதம் ஒரு வேலையாக அதே அலுவலகத்துக்குப் போனபோது பழைய பைல்களைப் பற்றி விசாரித்தேன்.

"அந்த வருஷத்ததா? வைக்க எடமில்லன்னு எல்லாத்தையும் எரிச்சாச்சுங்க சார்" என்றார் கிளார்க். "என்ன பேப்பருங்க?"

"கண்டக்டர் சர்ட்டிபிகேட்."

என் முகத்தையும் பையிலிருந்த பேனாவையும் பார்த்தார். "சார் வாத்தியாருங்களா?"

"ஆமாங்க."

"அது கண்டக்டர் இல்லைங்க சார். காண்டக்ட். காண்டக்ட் சர்ட்டிபிகேட்."

பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இல்லைங்க, கண்டக்டர்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.