கீறல் படாத பூட்ஸ்

தோலைப் பற்றி எங்கள் ஊர் ஆண்களிடம் மட்டும் வாயைக் கொடுக்கக் கூடாது. குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியாத மனிதர்கூட, எதிரே வருகிறவர் காலில் இருக்கும் செருப்பை ஒரு பார்வை பார்த்து, அது மாட்டின் எந்தப் பக்கத்துத் தோல் என்று ஆரம்பித்துவிடுவார். இத்தனைக்கும் அந்த நாளில் ஆம்பூரில் ஷூ செய்கிறவர் யாரும் கிடையாது. தோலைப் பதனிடுவார்கள், கட்டுக் கட்டி மதராஸுக்கு அனுப்புவார்கள், அது கப்பலேறி எங்கோ போய் யார் காலிலோ ஏறும். எங்கள் தெருவில் பாதிப் பேர் வெறுங்காலோடுதான் தோல் பதனிடும் டேனரிக்குப் போய் வந்தார்கள். பேச்சைக் கேட்டால் மட்டும் உலகத்துக்கே பூட்ஸ் மாட்டிவிட்டவர்கள் என்று தோன்றும்.

இவர்களிடம்தான் என் தம்பி மாட்டிக்கொண்டான்.

டேனரிக்குப் பின்னால் தோல் காயப்போடும் மைதானம் ஒன்று இருந்தது. சாயங்காலம் தோல்களை எடுத்து உள்ளே வைத்த பிறகு பையன்கள் அங்கே கால்பந்து ஆடுவார்கள். தம்பி கற்றதெல்லாம் அங்கேதான், வெறுங்காலோடுதான். இடது ஓரமாக அவன் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால், தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்கள் நாங்கள்கூட நின்று பார்ப்போம். அறுபதுகளின் தொடக்கம் அது. ஆசிய நாடுகளின் இளைஞர் போட்டிக்கு நம் நாட்டிலிருந்தும் ஓர் அணி போகத் தொடங்கியிருந்தது. இருபது வயதைத் தாண்டாத பையன்களின் அணி. அவர்கள் ஜெயித்தார்களா தோற்றார்களா என்று தெரிந்துகொள்ளப் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை துழாவ வேண்டும். கிரிக்கெட்காரர்களுக்கு ஜலதோஷம் பிடித்தால் பாதிப் பக்கம் போடுவார்கள்; இந்தப் பிள்ளைகள் கடல் தாண்டிப் போய் ஆடியதற்கு ஒரு வரி. பெரும்பாலும் தோற்ற வரி.

அந்த அணிக்கான மதராஸ் தேர்வில் தம்பியை எடுத்துவிட்டார்கள். அடுத்தது கல்கத்தாவில் முகாம். அங்கே பாதிப் பேரைக் கழித்துவிட்டு மீதிப் பேரை அணியாக அனுப்புவார்கள். தம்பிக்கு இருபது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான், வயது தாண்டிவிடும். ஒரே ஒரு நிபந்தனை: பூட்ஸ் போட்டுத்தான் ஆட வேண்டும்.

பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் வீட்டுக்கே வந்து சொன்னார். "மூர் மார்க்கெட்ல பழைய பூட்ஸ் கெடைக்கும். யாராவது போட்டுப் பழகினதா பாத்து வாங்கு. இன்னிக்கே மாட்டிக்கோ, போற வரைக்கும் கழட்டாத. கால் பழகணும்பா."

மனிதர் நல்லதைத்தான் சொன்னார். நைனா முகம் சுண்டிப்போயிற்று. எங்கள் அப்பாவைத்தான் நைனா என்போம்; அவர் டேனரியில் தோலுக்கு எண்ணெய் பூசும் பகுதியில் இருந்தார்.

"பழசா? சீமைக்கே தோல் அனுப்புற ஊரு சார் இது. எவனோ கழட்டிப் போட்டதையா என் புள்ள மாட்டிகினு போவான்?"

அவ்வளவுதான், ஊர் கிளம்பிவிட்டது. டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற பாய் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது முதல் தரம், இது கழிவு என்று ஒதுக்குவார். அவர் சொன்னால் முதலாளியே மறுத்துப் பேசமாட்டார். அவர் தேர்ந்தெடுத்த தோலுக்கு நைனா தன் கையாலேயே எண்ணெய் ஏற்றினார். தைப்பதற்குத்தான் ஆள் இல்லை. கடைசியில் ஜட்கா குதிரைகளுக்கு வார் தைக்கிற ஒருவரைப் பிடித்தார்கள். குதிரை இழுத்தாலும் அறாத நூலில் அவர் என் தம்பிக்குப் பூட்ஸ் தைத்தார். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. தூக்கிப் பார்த்தால்தான் கை வலித்தது.

சரி, செய்தாயிற்று. காலில் மாட்டி ஓட வேண்டியதுதானே? அங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. தோல் வியாபாரத்தில் ஒரு கீறல் விழுந்தால் முதல் தரம் இரண்டாம் தரமாகிவிடும். முள் கிழித்த தழும்பு இருந்தாலே மாட்டை ஏசுவார்கள். இப்படியே வாழ்ந்தவர்களிடம் ஒரு பூட்ஸைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? பாய் வீட்டு அலமாரியில் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துப் பூட்டினார்கள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொருவரும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து ஒரு கருத்து சொன்னார்கள். வாணியம்பாடியிலிருந்துகூட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தம்பி மட்டும் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் நான் பிடுங்கிய பிடுங்கலில் அவன் அதைக் கேட்டு வாங்கி மைதானத்துக்கு மாட்டிக்கொண்டு போனான். நாலு தப்படி ஓடியிருப்பான். பின்னாலேயே நைனாவும் பாயும் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"அடப்பாவி, மண்ணுலயா! கீறல் வுழுந்தா கல்கத்தாக்காரன் இன்னா நெனைப்பான்? இதான் ஆம்பூர் தோலான்னு கேக்கமாட்டான்?" என்றார் நைனா.

அங்கேயே குந்தி உட்கார்ந்து, வேட்டி முனையால் பூட்ஸைத் துடைத்தார். தம்பி கழற்றிக் கொடுத்துவிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "மாஸ்டர் இன்னா சொன்னாரு? கால் பழகணும்னு சொன்னாரா இல்லியா?" என்று கேட்டேன்.

"உனுக்கு இன்னாம்மா தெரியும் தோலைப் பத்தி? கம்முனு இரு" என்றார் நைனா.

நான் தோலைப் பற்றிக் கேட்கவே இல்லை. காலைப் பற்றிக் கேட்டேன். அந்த வீட்டில், அந்தத் தெருவில், அதைப் பற்றிக் கவலைப்பட ஓர் ஆள் இல்லை. மாலை போட்டு ரயிலேற்றினார்கள். மாலை தம்பி கழுத்தில். பூட்ஸ், பெட்டிக்குள் துணி சுற்றியபடி.

எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே திரும்பி வந்துவிட்டான். ஸ்டேஷனிலிருந்து விந்தி விந்தி நடந்து வந்தான். இரண்டு குதிகாலிலும் துணிக்கட்டு. தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. பிள்ளை ஏன் நொண்டுகிறான் என்று எடுத்த எடுப்பில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நைனா முதலில் கேட்டது, "பூட்ஸ் எப்டிடா இருந்துச்சு?"

தம்பி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

"பூட்ஸ் பத்தி பேச்சே இல்ல நைனா. அல்லாரும் வாங்கி வாங்கிப் பாத்தாங்க. என் கால்தான் சரியில்லியாம். பாதம் தட்டையாம். பூட்ஸுக்கு ஒத்துவராத காலுன்னு கழிச்சுட்டாங்க."

கட்டு எதற்கென்று பிறகு யாரோ கேட்டதற்குச் சுளுக்கு என்றான். பாய் அவனை உட்கார வைத்து, காலைத் தூக்கிப் பிடித்து, உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஆமா, கொஞ்சம் தட்டைதான்" என்றார். பாய் சொன்னால் சொன்னதுதான். எல்லோருக்கும் நிம்மதி. நைனா முகத்திலும் அதைப் பார்த்தேன். இன்றுவரை அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உள்ளே கூட்டிப்போய்க் கட்டைப் பிரித்தபோது துணியோடு சதையும் வந்தது. முகாமின் முதல் நாள் காலையிலேயே குதிகால் தோல் உரிந்துவிட்டதாம். பஞ்சு வைத்துப் பார்த்திருக்கிறான். அடுத்த நாள் நிற்கவே முடியவில்லை. பயிற்சியாளர் இரக்கப்பட்டு ஒரே ஓர் ஆட்டம் வெறுங்காலோடு ஆடச் சொன்னாராம். ரத்தக் கட்டோடு இவன் ஆடியதைப் பார்க்க மற்ற பையன்கள் எல்லாம் ஓரத்தில் வந்து நின்றுவிட்டார்களாம். ஆட்டம் முடிந்ததும் அவர் இவன் தோளில் கை போட்டு, பூட்ஸ் பழகிக்கொண்டு அடுத்த வருஷம் வா என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும் என்று இவன் அவரிடம் சொல்லவில்லை.

நான் வெளியே போய்க் கத்தலாம் என்று எழுந்தேன். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாங்க்கா. நைனா தாங்காது. ஆசையா செஞ்சாங்க."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கையை விட்டான். அவனுக்காக அழுதேனா, அவன்மேல் வந்த கோபத்தில் அழுதேனா, தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை நம் இளைஞர் அணி தோற்றபோதும் டீக்கடையில் இதே பேச்சு. "இவன் கால் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா..." தம்பி டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டுவான். அவனுக்குப் பெண் பார்த்தபோது, குடியாத்தத்திலிருந்து வந்தவர்கள் மெதுவாக, "பையனுக்குக் கால்ல ஏதோ குறைன்றாங்களே" என்று இழுத்தார்கள். எங்கள் நடுவீட்டில் அவனை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். அவனும் சிரித்த முகத்தோடு நடந்து காட்டினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காபி கொண்டுவந்து வைத்தேன்.

நைனா போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. பாயும் இல்லை. இனித் தாங்காமல் போக யாரும் மிச்சமில்லை. இதைப் படித்தால் தம்பி என்னோடு கொஞ்ச நாள் பேசமாட்டான். பேசாமல் இருக்கட்டும். அவன் காலில் ஒரு குறையும் கிடையாது.