இரண்டரை மணி பஸ்

எழுபதுகளின் நடுவில் நான் பாலக்காட்டில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். வடகரப்பதிப் பக்கம் எங்கள் ஊர் பால் சொசைட்டியில் சம்பளத்துக்கு வேலையும் பார்த்தேன். விடியலில் ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை, ஊர்க்காரர்கள் கொண்டுவரும் பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கல்லூரி. பால் எடுக்கும்போது காலை பஸ்ஸை நினைப்பேன். வகுப்பில் இரண்டரை மணி பஸ்ஸை நினைப்பேன். சோற்றைக்கூட நின்றபடியேதான் தின்றேன்.

பிராக்டிகல் வகுப்பு நாலு மணி வரை நடக்கும். மற்றவர்கள் இரண்டாம் தடவை சரிபார்க்கத் தொடங்கும்போது நான் பையைத் தோளில் மாட்டியிருப்பேன். "தனிக்கு எப்பழும் பஸ்ஸின்டெ விசாரம் தன்னே", உனக்கு எப்போதும் பஸ் நினைப்புதான் என்று பேராசிரியர் மலையாளத்தில் எரிந்து விழுவார். என் கை வேகம் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவு திமிர்.

இறுதியாண்டு பிராக்டிகல் பரீட்சை வந்தது. முதல் வகுப்பு வாங்கினால்தான் எம்.எஸ்ஸி. சீட், அந்த சீட்டை நான் வெறியோடு விரும்பினேன். ஆனாலும் அன்று மாலைக்கு சொசைட்டியில் லீவு கேட்கவில்லை. கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று பயம். மூன்று முறை செக்ரட்டரி முன்னால் போய் நின்றேன், மூன்று முறையும் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பினேன்.

பரீட்சையில் மளமளவென்று முடித்து, இரண்டேகாலுக்கே தாளைக் கொடுத்துவிட்டு ஓடினேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் மடியில், ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் காகிதம் வெட்டி ஒட்டிய மருந்து பாட்டில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தவனுக்கு, கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் பரீட்சையில் செய்த தப்பு உறைத்தது.

கண்ணாடிக் குழாயில் திரவம் நடுவில் குழிந்து நிற்கும். ஆய்வுக்கூடத்தில் அந்தக் குழியின் அடியைப் பார்த்து அளவு குறிக்க வேண்டும். பாலில் அடி தெரியாது, அதனால் சொசைட்டியில் மேல் விளிம்பைத்தான் படிப்போம். அன்று அவசரத்தில் தொடக்க அளவை அடியிலும் முடிவு அளவை மேல் விளிம்பிலும் படித்திருக்கிறேன். தினம் இருவேளை பழகிய கண், என்னைக் கேட்காமலே பாலைப் படித்துவிட்டது. ஒருமுறை சரிபார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். இறங்கித் திரும்ப ஓடலாமா என்று எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கொடுத்த தாளை யார் திருப்பித் தருவார்கள்?

சொசைட்டிக்குள் நுழைந்தபோது என் இடத்தில் செக்ரட்டரி உட்கார்ந்திருந்தார். அவர் கையில் லாக்டோமீட்டர்.

"ஏனுங்க தம்பி, இத்தன வெரசலா எதுக்குங்க ஓடியாந்தீங்க? இன்னைக்குப் பரிச்சைன்னு உங்கம்மா மத்தியானம் வந்து சொன்னாங்க. நானே எடுத்துக்கறேன்னு சொல்லியுட்டனுங்களே. ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்லங்க?"

மூன்று மார்க்கில் முதல் வகுப்பு போனது பிறகு வந்த சேதி. அன்று, அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அங்கே எனக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. பால் கேன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது. கல்லூரியில் அப்போதுதான் தாள்களை வாங்கத் தொடங்கியிருப்பார்கள்.