அப்பா வெட்டிய மடை

காதல் கதைகளில் இருவரும் செத்துப்போவார்கள். ஊர் அழும், பகை ஆறும். எங்கள் கதையில் யாரும் சாகவில்லை. அதனாலோ என்னவோ, அது இன்னும் முடியவில்லை.

அக்காள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே வீடு. கொல்லைப்படியைத் தொட்டுக்கொண்டு வாய்க்கால். அவன் எங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவன். மடையைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரின் கூடவே கரையில் நடந்து வருவான். அக்காள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். தண்ணீர் ஓடுகிற வரைக்கும் பேச்சு. பக்கத்தில் நான், சாம்பலும் தேங்காய் நாருமாக. நாற்றைப் பற்றி, சங்கக் கூட்டத்தைப் பற்றித்தான் பேசிக்கொள்வார்கள். அதைக் காதல் என்று நான் கண்டுகொண்டது, ஒரே குண்டானை அவள் திரும்பத் திரும்பத் தேய்த்தபோது.

அப்பா கரைவேட்டிக்காரர். ஐயர் இல்லாமல் மாலை மாற்றும் கல்யாணம் எந்த ஊரில் நடந்தாலும் மைக் முன்னால் நின்று சாதியைக் கொளுத்தச் சொல்வார். வீட்டுக்கு வந்தால் அவனுக்குக் கூலி நெல்லைத் தெருவில் நிறுத்தித்தான் அளப்பார். எங்களுக்கு அதில் வியப்பே இருந்ததில்லை.

குடவாசல் பக்கம் அக்காளுக்கு மாப்பிள்ளை முடிவாகிப் பத்திரிகையும் அடித்தாயிற்று. அந்த ஆனியில்தான் கூலித் தகராறு முற்றியது. மடைமேல் செங்கொடி நட்டார்கள். பேச்சு முடியும்வரை ஒருவரும் மண்வெட்டி எடுப்பதில்லை என்று அவர்கள் தெருவில் கட்டுப்பாடு. வாய்க்கால் காய்ந்தது, எங்கள் நாற்றங்கால் வெளுத்தது. காய்ந்த வாய்க்காலில் இறங்கி நின்று அவன் அக்காளிடம் சொன்னான்:

“பேச்சு முடிஞ்சதும் நாந்தான் மடையைத் தொறப்பேன். கொல்லையில தண்ணி வந்துச்சுன்னா நான் வந்துட்டேன்னு வெச்சுக்க. மத்தியான வண்டிக்குப் பூதலூர் ஸ்டேஷனுக்கு வந்துடு.”

சத்தியம் கேட்கவில்லை அவள். எதற்குக் கேட்க வேண்டும்? எங்கள் வீட்டு ஆண்கள் மண்வெட்டியைத் தொட்டு நாங்கள் பார்த்ததில்லை. வரப்பில் குடையோடு நிற்பார்கள், விரலை நீட்டுவார்கள். தண்ணீர் வந்தால் அது அவன் கைதான். வேறு கை ஏது?

கல்லூரி விடுமுறைக்கு நான் வந்திருந்த ஒரு காலையில் தண்ணீர் வந்தது. நுரையும் வைக்கோலுமாக, நாய்போல முகர்ந்து முகர்ந்து, படிவரைக்கும் வந்தது. அக்காள் சாம்பல் கையோடு எழுந்தாள். தையற்காரியைப் பார்க்கப் போவதாக அம்மாவிடம் சொன்னாள். என்னிடம் மட்டும், “எவன் வந்து என்ன சொன்னாலும் நீ படிச்சு முடிச்சுடுடி,” என்றாள். தஞ்சாவூரில் எனக்கு அப்போது இரண்டாம் வருடம். அவள் தப்பினால்தான் நானும் தப்புவேன் என்று ஏதோ ஒரு கணக்கு என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் அப்பா வந்தார். முழங்கால்வரை சேறு. இரண்டு கையையும் அம்மா முன் விரித்தார். உள்ளங்கை முழுதும் கொப்புளம். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கூட்டிவந்த வெளியூர் ஆட்கள் கொடியைக் கண்டு பின்வாங்கிவிட்டார்களாம். வாய்க்காலில் குறுக்கே படுத்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றியதாம். முதலில் ஏற்றியது நம்ம தண்ணீர் கட்டுகிறவனைத்தானாம்.

“அப்பறம் மடையை நானே வெட்டினேன். இந்தக் கையால.”

அம்மா விளக்கெண்ணெய் தேடினாள். அக்காள் ஏறிய பஸ் பூதலூர் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஒவ்வொரு வண்டியாகப் போகவிட்டு அவள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாளாம். அப்பாவுக்குத் தெரிந்த ரைஸ் மில்காரர் பார்த்து, சாயங்காலம் தன் காரில் கொண்டுவந்து இறக்கினார். யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஏதோ முடிந்ததுபோல இருந்திருக்கும்.

சேதி குடவாசலுக்குப் போய், மாப்பிள்ளையின் அம்மா வந்தார். காப்பியைத் தொடவில்லை.

“ரயிலடி வரைக்கும் போன கால் எங்க வாசப்படி மிதிக்க வேண்டாங்க. அதுக்காகக் கல்யாணத்தை நிறுத்தணுமா? சின்னது இருக்குல்ல.”

அப்பா துணி சுற்றிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவோ மேடையில் பெண்ணின் சம்மதம் என்று தொண்டை கட்டப் பேசியவர்.

“அதுவும் நம்ம பொண்ணுதானே,” என்றார்.

பத்திரிகையில் அக்காள் பெயர்மேல் காகிதத் துண்டு ஒட்டி என் பெயரை எழுதினார்கள். பசை காயாமல் சில பத்திரிகைகளில் இரண்டு பெயருமே தெரிந்தன. ஐயர் இல்லாத கல்யாணம். மைக்கில் நான், “மனமொப்பி ஏற்கிறேன்,” என்றேன். கைதட்டினார்கள். என் பாடப் புத்தகங்களை அம்மா பரணில் ஏற்றினாள்.

அவன் ஜெயிலிலிருந்து வந்ததும் அவர்கள் தெருவிலேயே பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். எங்களவர்கள் குடிசைக்குத் தீ வைத்துவிடுவார்களோ என்ற பயம். பயப்படக் காரணமும் இருந்தது. இன்றைக்கும் அந்தக் கரையில்தான் நடந்து போகிறான், முகம் வயல் பக்கமாக.

அக்காள் அதே வீட்டில் இருக்கிறாள். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். சோறு ஊட்டி, அந்தக் கைகளைத் துடைத்துவிட்டு. இந்த வருடமும் ஆற்றில் தண்ணீர் இல்லை. கொல்லைப்படியில் அடிபம்புத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்: அன்றைக்கு மடைவரைக்கும் போய், அப்பா கையில் மண்வெட்டியைப் பார்த்திருந்தால்?

குண்டானைக் கவிழ்த்து வைத்தாள்.

“பாத்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்டி.”