ஒரு மூச்சு பிந்திய ஆமீன்

நான் இருக்கும் இந்த ஜெர்மன் சிற்றூரில் தொழுகைக்கென்று ஒரே ஓர் இடம்தான். பழைய டயர் கடை ஒன்றை வாங்கித் துருக்கியர்கள் பள்ளிவாசலாக்கியிருக்கிறார்கள். வந்த முதல் வாரம் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் போய் இரண்டாவது வரிசையில் நின்றேன். இமாமை இங்கே ஹோஜா என்கிறார்கள். அவர் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா சூராவை ஓதி முடித்ததும், பிறந்த நாளிலிருந்து வந்த பழக்கத்தில் அடிவயிற்றிலிருந்து ‘ஆமீன்’ என்றேன். என் குரல் மட்டும் எழுந்து, சுவரில் பட்டு, என்னிடமே திரும்பி வந்தது. முன்னும் பின்னும் முப்பது பேர் நிற்கிறார்கள்; ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் இல்லை. பக்கத்தில் நின்றவரின் தோள் லேசாகத் துள்ளியது. தொழுகையில் நின்றபடியே எனக்குக் காது சூடாகிவிட்டது.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஷாஃபி மத்ஹபு என்னும் சட்டப்பிரிவைச் சேர்ந்தது, ஆமீனை உரக்கச் சொல்வோம்; இவர்கள் ஹனஃபி. இவர்களும் ஆமீன் சொல்கிறார்கள், ஆனால் மனத்துக்குள். இரண்டும் சரிதான் என்று மதரசாவில் படித்தவன்தான் நான். படித்த படிப்பு அந்த நேரத்துக்கு உதவவில்லை. தொழுது முடிந்ததும் பக்கத்தில் நின்றவர் சாய் கொடுத்தார். என் தொண்டையைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார். நானும் தலையாட்டி வைத்தேன். எனக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, சட்டைப்பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்துக் கையில் திணித்தார். அவர் பெயர் யூசுஃப், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அதற்குப் பிறகும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மிட்டாய் தருவார். நானோ அன்றிலிருந்து ஆமீனை விழுங்கப் பழகிக்கொண்டேன். வரிசையில் எல்லாரோடும் குனிந்தேன், எல்லாரோடும் நிமிர்ந்தேன். ஆனால் நான் தொழுகிறேன் என்பது எனக்கே நிச்சயமில்லாமல் போனது.

மேலப்பாளையத்தில் எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் ஆமீன் சொன்னால் பாளையங்கால்வாயில் குளிப்பவர்களுக்குக் கேட்கும். அதிலும் தனியாகக் கேட்கும் ஒரு குரல் உண்டு. அது என் வாப்பாவுடையது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் அரிசி மில்லில் முப்பது வருடம் மிஷின் ஓட்டியவர். அந்த இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டது. இமாம் ஓதுவது அவருக்குக் கேட்காது. ஆனால் பள்ளியே சேர்ந்து ஆமீன் சொல்லும்போது அந்த முழக்கம் மட்டும் எட்டும். எட்டிய பிறகுதான் அவர் தன் ஆமீனைச் சொல்வார். ஆக, எல்லாரும் சொல்லி ஓய்ந்து, அடுத்த சூராவுக்கு இமாம் மூச்சை இழுக்கும் அந்த இடைவெளியில் வாப்பாவின் குரல் தன்னந்தனியாக வரும். தன் குரல் எவ்வளவு பெரியது என்பதும் அவருக்குத் தெரியாது. கடைசி வரிசையில் விடலைகள் தோள் குலுங்கச் சிரிப்பார்கள். அவருக்கு ‘லேட் ஆமீன்’ என்று பட்டப்பெயர். தெருவில் என்னை, “ஏலே, லேட் ஆமீன் மவனே” என்றுதான் கூப்பிடுவார்கள்.

பதினாறு வயதில் அதை நிறுத்த எனக்கு ஒரு வழி கிடைத்தது. இமாம் ஆமீன் சொல்லும்போது வானவர்களான மலக்குகளும் சொல்கிறார்கள், யாருடைய ஆமீன் அவர்களுடைய ஆமீனோடு சேர்கிறதோ அவருடைய முன் பாவங்கள் மன்னிக்கப்படும் என்ற நபிமொழியை அந்த வாரம்தான் மதரசாவில் பாடமாக்கியிருந்தோம். ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு நடக்கையில் வாப்பாவிடம் சொன்னேன்.

“வாப்பா, பிந்திச் சொல்லுத ஆமீன் மலக்குமாரோட சேராது. மனசுக்குள்ள சொல்லிக்கிடுங்க.”

அவருக்கு விளங்கவில்லை. இன்னும் சத்தமாக, அவர் காதருகில் கத்தினேன். சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “சரி லே” என்றார். அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை இமாம் மூச்சிழுத்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மார்க்கத்தில் ஒரு திருத்தம் செய்துவிட்டதாக எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் வெட்கத்துக்குத்தான் மார்க்கத்தின் சட்டையைப் போட்டுவிட்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. டயர் கடைப் பள்ளியில் என் குரல் தனியாகத் திரும்பி வந்த அன்றுதான் அது உறைத்தது.

அவரிடம் ‘பொறுத்துக்கோங்க வாப்பா’ என்று கேட்டுவிட வேண்டும் என்று அதற்குப் பிறகு எத்தனையோ முறை நினைத்தேன். செவிடாகிப்போனவரிடம் போனில் எப்படிக் கேட்பது? என்னைக் காக்கா என்று கூப்பிடும் தங்கை ஜுலைகா போனைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்வதை அவர் காதில் திருப்பிக் கத்துவாள். சாப்பிட்டீர்களா, மருந்து வந்ததா என்பதையெல்லாம் அப்படிக் கேட்கலாம். இதைக் கேட்க முடியவில்லை. லீவில் போகும்போது காதருகில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். மூன்று லீவு போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் வீடு நிறைய ஆட்கள், நானும் அதைச் சாக்காக்கிக்கொண்டேன்.

போன மார்கழியில் ஒரு காலை, ஜன்னல் சட்டம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் நின்றிருந்தபோது ஜுலைகா கூப்பிட்டாள். “காக்கா, வாப்பா மவுத்தாயிட்டாவ. சாயந்தரம் அசர் தொழுதுட்டு அடக்கிருவோம்ங்காவ.” இங்கிருந்து எந்த விமானம் பிடித்தாலும் நான் போய்ச் சேர மறுநாளாகும். அடக்கிவிடுங்கள் என்றேன். அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்து, மச்சான் அனுப்பிய வீடியோவில் வாப்பாவைத் தூக்கிப் போவதைப் பார்த்தேன். அழுவதற்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

ஊரில் மஃரிப் முடிந்ததும் ஜுலைகா மறுபடி கூப்பிட்டாள். வாப்பாவின் ஆமீன் சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று அழுதாள். எனக்குப் புரியவில்லை. வாப்பாதான் ஆமீன் சொல்வதை என்றைக்கோ நிறுத்திவிட்டாரே என்றேன்.

“பள்ளியிலதான் சொல்ல மாட்டாவ. பள்ளியில சொன்னா ஒங்களுக்குச் சங்கடம்னு சொல்லுவாவ. முட்டுவலில வீட்ல தொழ ஆரம்பிச்ச பொறவு சத்தமாத்தான் சொல்லுவாவ. வீட்ல யாரு கேக்கப் போறா?”

வீட்டில் அவரே ஓதி அவரே ஆமீன் சொல்லியிருக்கிறார். அங்கே அவர் பிந்தியிருக்கவே மாட்டார். நான் வெளிநாடு போய் இத்தனை வருடமான பிறகும் எனக்குச் சங்கடம் வராமல் அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இங்கே பொழுது சாயும் நேரத்தில் பள்ளிக்குப் போனேன். என் அரைகுறை ஜெர்மனில், வாப்பா இறந்துவிட்டார், ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை தொழ வேண்டும் என்று ஹோஜாவிடம் சொன்னேன். அவர் உடனே எழுந்துவிட்டார். உடல் எந்த மருத்துவமனையில் இருக்கிறது, குளிப்பாட்ட எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார். யூசுஃப் வண்டிக்குச் சொல்லப் போனை எடுத்துவிட்டார். உடல் இந்தியாவில் இருக்கிறது, அடக்கியும் ஆகிவிட்டது, எங்கள் வழக்கத்தில் உடல் இல்லாத இடத்திலும் தொழலாம் என்று ஒருவழியாக விளக்கினேன். ஹோஜா மெல்ல உட்கார்ந்தார். தங்கள் மத்ஹபில் அப்படி இல்லையே என்று என்னைவிட வருத்தமாகச் சொன்னார். பின்பக்க மூலையில் நான் தனியாக நின்று ‘அல்லாஹு அக்பர்’ என்று நான்கு தக்பீரும் கட்டித் தொழுதேன். மற்றவர்கள் எனக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு மஃரிப். ஹோஜா ஃபாத்திஹாவை முடித்தார். முப்பது பேரும் மனத்துக்குள் சொல்லி ஓய்ந்தார்கள். அடுத்த சூராவுக்கு அவர் மூச்சை இழுத்த அந்த இடைவெளியில், வாப்பா சொல்லும் இடத்தில், வாப்பாவின் குரல் அளவுக்கு ‘ஆமீன்’ என்றேன். மலக்குகளோடு சேர்ந்ததா, தெரியாது. இத்தனை வருடத்தில் அன்றுதான் தொழுதேன் என்பது மட்டும் தெரியும்.

முடிந்ததும் யூசுஃப் வழக்கம்போலச் சட்டைப்பையில் கைவிட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெறுங்கையை வெளியே எடுத்து என் தோளில் வைத்தார். மேலப்பாளையத்தில் அந்நேரம் இரவுத் தொழுகையான இஷாவும் முடிந்து பள்ளியைப் பூட்டியிருப்பார்கள். அங்கே சொல்லவிடாமல் செய்த ஆமீனை இங்கே சொல்லிவிட்டு, குவிந்துகிடந்த பூட்ஸுகளுக்கு நடுவே என்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தேன்.