அப்பா செக் செய்த பல்புகள்

எங்கள் வீட்டு முன்னறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் மோட்டார் சைக்கிள். நால்வரில் அதிக இடம் எடுத்துக்கொண்டது அதுதான்.

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. வெளியே நிறுத்தினால் பெட்ரோலை உறிஞ்சிவிடுவார்கள் என்று அப்பா வாசலில் பலகை போட்டு வண்டியை உள்ளே ஏற்றிவிடுவார். நான் பிறப்பதற்கு முன்பே வயதாகிவிட்ட வண்டி. அப்பாவின் பழைய முதலாளி காருக்கு மாறியபோது அது அப்பாவிடம் வந்தது. அது ஓடினால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஓடாவிட்டாலும் பார்க்கும், அப்பா தள்ளிக்கொண்டு வருவதால்.

அது நின்ற இடத்தின் மேல் அம்மாவுக்கு ஒரு கண். ஜன்னலோரம், நல்ல வெளிச்சம், கைக்கு எட்டும் தூரத்தில் பிளக். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். சொந்தமாக ஒரு மெஷின் போட்டு வீட்டிலேயே தைக்க வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. பழைய மெஷின் ஒன்றுக்குச் சொல்லியும் வைத்திருந்தாள். அதை வைக்க இடம்தான் இல்லை.

அந்த வருடம் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டும். ஹாரன், பிரேக், லைட் மூன்றையும் பார்ப்பார்கள். எங்கள் வண்டியில் ஹாரன் அடிக்கும். பிரேக்கும் பெரும்பாலும் பிடிக்கும். ஹெட்லைட் மட்டும் எரியாது.

அம்மா இதற்காகத்தான் காத்திருந்தவள் போலச் சொன்னாள்.

"ஏனுங்க, லைட்டு எரிஞ்சு ஆபீசர் பாஸ் பண்ணீட்டா உங்க வண்டி இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா காயலாங்கடைக்குப் போயிரோணும். அந்த எடத்துக்கு என்ற மெஷின் வந்துரும்."

"ஒரு பல்புதானே!" என்றார் அப்பா, கம்பெனியில் ஆயிரம் பனியன் பார்த்துத் தள்ளுகிறவரின் தைரியத்தோடு.

அப்பாவுக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களை விரித்துப் பார்த்து, பழுது இருந்தால் ஒதுக்க வேண்டும். அவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் ஊசிமுனை அளவு ஓட்டையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. எழுத்து சம்பந்தப்பட்டதெல்லாம் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் படிக்கப் போன முதல் ஆள் நான். எனக்கு முன்பு உள்ளே போனவர் அப்பாவின் சித்தப்பா, அதுவும் சுண்ணாம்பு அடிக்க. ஐந்தாம் வகுப்புச் சிறுமியான எனக்கு அந்தப் பெருமை தலைக்கு மேல் இருந்தது.

திருப்பூரில் சாம்பிள் இல்லாமல் எந்த வேலையும் தொடங்காது. அப்பா ஃபியூஸ் போன பல்பைக் கழற்றி, துடைத்து, சட்டை போடும் பாலிதீன் கவரில் வைத்தார். ஒரு அட்டையில் என்னை எழுதச் சொன்னார். 'அப்ரூவ்டு சாம்பிள்' என்று எழுதினேன். பல்பின் அடியில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். "ஆறு வோல்ட்" என்று உரக்க வாசித்தேன். அதையும் எழுதிக் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கவரோடு கிளம்பினோம்.

முதல் கடைக்காரர் கவரைப் பிரிக்கவே இல்லை. "ஆறு வோல்ட்டெல்லாம் இப்ப வர்றதில்லீங்க. எல்லா வண்டியும் பன்னெண்டுதான். இதைப் போடுங்க, எரியும்" என்று ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினோம். எரிந்தது, பீடி முனை எரிகிற அளவுக்கு. அப்பா தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி அதைப் பார்த்தார்.

"ஷேடு டல்லா இருக்குது, கண்ணு. ரிஜெக்ட்."

அடுத்த வாரம் பெருமாநல்லூர். அங்கே ஒரு மெக்கானிக், பல்பைவிட வண்டியைத்தான் அதிக நேரம் பார்த்தார். "இதுக்கு பல்பு தேடறதுக்குப் பதிலா பல்புக்கு வேற வண்டி தேடுங்க" என்றார். அப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

ஆபீசுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் போனோம். எண்ணெய் ஆலைகளுக்கு பெல்ட்டும் போல்ட்டும் விற்கும் ஒரு பழைய கடை. நான் வழக்கம்போல முன்னால் நின்று, "ஆறு வோல்ட், ரெண்டு இழை, ஹெட்லைட் பல்புங்க" என்று ஒப்பித்தேன். கடைக்காரர் ஏணி போட்டு மேலே ஏறினார். இரண்டு தும்மல் கேட்டது. பிறகு ஒரு அட்டைப்பெட்டியோடு இறங்கினார். உள்ளே பத்துப் பல்புகள், ஒவ்வொன்றும் காகிதத்தில் சுற்றி, புத்தம் புதிதாக.

"இத்தனை வருஷமா யாரும் கேட்டு வரலீங்க. மொத்தமா எடுத்துக்குங்க. உங்க பேரன் காலம் வரைக்கும் எரியும்."

பல்பின் அடியில் வாசித்தேன். ஆறு வோல்ட். அப்பா சாம்பிளோடு ஒப்பிட்டுப் பார்த்தார், உயரம், அகலம், அடிப்பாகம். "கண்ணு, கரெக்டுடா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திரும்பும் வழியில் பெட்டி என் மடியில் இருந்தது. அவர் மேடு பள்ளத்தில் வண்டியை இறங்கித் தள்ளினார், பல்பு குலுங்காமல் இருக்க.

அன்று மதியமே ஒரு பல்பை மாட்டிப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் செக் செய்யாத சரக்கை ஏற்றுக்கொள்வது அப்பாவின் தொழில் தர்மத்துக்கு விரோதம். "லாட்டு வந்தா நூத்துக்கு நூறு செக்கிங்" என்றார். வண்டியில் பத்தையும் மாட்டிக் கழற்றினால் பொழுது போய்விடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டு லோடு ஆட்டோக்காரர் கோயில் கொடைத் திருவிழாவுக்காகத் திருநெல்வேலிப் பக்கம் போயிருந்தார். யாராவது திருடிவிடுவார்கள் என்று பேட்டரியைக் கழற்றி எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்பா அதை நடுவில் இழுத்து வைத்து இரண்டு ஒயரைச் சுற்றினார்.

"அதுல என்ன போட்டிருக்குது, கண்ணு?"

"பன்னெண்டு வோல்ட்" என்று வாசித்தேன்.

"சபாஷ்!"

நான் ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'பாஸ்', மறுபக்கம் 'ரிஜெக்ட்' என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் பல்பில் ஒயரை வைத்ததும் அறையே வெளுத்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த வீடு பார்த்ததில்லை. நான் கை தட்டுவதற்குள் 'டிக்' என்று அணைந்தது. அப்பா அதைக் காதருகே குலுக்கிப் பார்த்தார்.

"இந்த பீஸ் டேமேஜ். எழுது."

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். "ஷேடு ஓக்கே. ஸ்ட்ரெங்த் இல்லை" என்றார் நான்காவதுக்கு. ஆறாவது பல்புக்குப் பிறகு காங்கேயம் கடைக்காரரின் நேர்மை பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு, அழகான கையெழுத்தில் 'ரிஜெக்ட்' எழுதினேன். பல்பில் ஆறு வோல்ட்டை வாசித்தவளும் நான்தான், பேட்டரியில் பன்னிரண்டை வாசித்தவளும் நான்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் டீச்சர், மின்னழுத்தம் இரு மடங்கானால் பல்பு கருகிவிடும் என்று நடத்தியபோது எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது. வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. அப்பாவைப் பொறுத்தவரை காங்கேயத்துச் சரக்கு இன்றும் டேமேஜ் லாட்டுதான்.

ஒன்பதாவது பல்பும் அணைந்தபோது அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அப்பாவின் முகத்தில் வியர்வை. பத்தாவதை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தார்.

அம்மா வந்து பல்பை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க செக் பண்ணுனது போதும். இதை இப்படியே கொண்டுபோயி மாட்டுங்க."

"செக் பண்ணாத பீஸை எப்படி மாட்டறது?"

"என்னையென்ன செக் பண்ணியா கட்டீட்டு வந்தீங்க?"

இதைப் பாஸில் எழுதுவதா, ரிஜெக்டில் எழுதுவதா என்று தெரியாமல் நான் பென்சிலோடு விழித்தேன். அம்மா பல்பை முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அப்பா ஹெட்லைட்டின் திருகுகளைக் கழற்றி முடித்த பிறகுதான் அதை அவிழ்த்துக் கொடுத்தாள்.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மூன்று பேரும் போனோம். அம்மா லீவு போட்டுவிட்டு வந்தாள். வெயில் சுளீரென்று அடித்தது. இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். அன்றுதான் முதன்முதலாக அப்பா செக்கிங் மேசையின் அந்தப் பக்கம் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, ஓட்டை இருக்கும் பனியனைப் போல. "லைட்டைப் போடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் உள்ளங்கையை விளக்கின் முன்னால் குவித்தார். உள்ளங்கை மஞ்சளாயிற்று. "டிம் பண்ணுங்க." மஞ்சள் கீழே இறங்கியது.

"இந்த வண்டிக்கு பல்பு எங்கய்யா புடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மூச்சை விட்டுவிட்டு, அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டி முன்னறையிலேயே நின்றது. அம்மாவின் மெஷின் வர அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி ஆனது, நாங்கள் வேறு வீட்டுக்கு மாறிய பிறகுதான். அதுவரை அவள் கம்பெனிக்கு நடந்துகொண்டிருந்தாள். அல்லது அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனாள்.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, அந்தக் கடைசி பல்பையும் அப்பாவையே செக் பண்ண உட்டிருந்தா, உனக்கு மெஷின் வந்திருக்குமில்ல?"

"வந்திருக்கும்."

"அப்புறம் ஏன் புடுங்குன?"

"போயி வீட்டுப்பாடம் எழுது, சாமி" என்றாள்.

நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்காக வருத்தப்பட்டேன். பத்தில் ஒன்பது போனால் ஒன்று. அந்த ஒன்றும் போயிருந்தால் மெஷின். பள்ளிக்கூடம் போகாததால் பாவம், அம்மாவுக்கு இந்தச் சின்னக் கழித்தல்கூட வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.