மச்சானின் கல்லீரலும் பஜார் டாக்டர்களும்

கடைசியாக ஒருமுறை மச்சானைப் பார்த்துவிடலாம் என்று இரண்டு மாதத்துக்கு முன் கோத்தகிரிக்குப் போனேன்.

'கடைசி' என்று முடிவு செய்தது யார்? டாக்டர் இல்லை. பஜார்!

மச்சான், என் அக்கா புருஷன், பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்துக் கத்தி, ஸ்பிரேயர், இலை கட்டும் சாக்கு... தேயிலை விலை விழுந்ததிலிருந்து இதையெல்லாம் வாங்க ஆளில்லை. ஆனால் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வேலை இல்லாதவர்கள் எங்காவது உட்கார வேண்டுமே!

அந்த நேரம் பார்த்து மச்சானுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். கோயமுத்தூரில் சி.டி. ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் இரண்டு புள்ளிகள்.

"இது என்னன்னு இப்ப எனக்குத் தெரியலை. எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க. அதைப் பார்த்துட்டு ஆபரேஷனை முடிவு பண்ணலாம்" என்றார் டாக்டர்.

மச்சான் ஃபிலிமோடு நேரே கடைக்கு வந்தார். அவ்வளவுதான். தேயிலை வாங்கி விற்கும் ஏஜென்ட் ஒருவர் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதா, வெள்ளையா இருக்குது பாருங்க... இதுதானுங்க நோவு."

அது முதுகெலும்பு.

"கல்லீரலுக்கு வந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. இன்னொரு ஸ்கேன் எதுக்கு? புடிச்சதைச் சாப்பிட்டுட்டு நிம்மதியா இருங்க" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

மச்சான் நம்பிவிட்டார். கோயமுத்தூர் போக மாட்டேன் என்று கட்டிலில் படுத்துவிட்டார்.

நான் போனபோது அக்கா ஃபிலிமை நீட்டினாள். நானும் அதை வெளிச்சத்தில் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து... பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்குத் தெரியாதது உண்டா?

"எழுத்து தலைகீழா இருக்குதுடா" என்றாள் அக்கா.

பிறகு மச்சானிடம் திரும்பினாள். "ஏனுங்க, அத்தனை படிச்சவரு தெரியலைன்னு சொல்றாரு. கடையில சும்மா உக்கார வந்தவங்களுக்குத் தெரிஞ்சுருச்சாக்கும்? எந்திரிங்க!"

மறுநாள் மூவரும் மலையிறங்கினோம். எம்.ஆர்.ஐ. அறையிலிருந்து வெளியே வந்த மச்சான் காதைத் தேய்த்துக்கொண்டார். "உள்ள டம டமன்னு ஒரே அடிங்க மாப்பிள்ளை. நம்ம டீ ஃபேக்டரியே பரவால்ல."

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார்.

"இது ரத்தக்குழாய் முடிச்சுதான். ரொம்ப வருஷமா இருந்திருக்கலாம், ஒண்ணும் செய்யாது. புற்றுநோய் கல்லீரலுக்குப் போகலை. குடலை மட்டும் ஆபரேஷன் பண்ணிரலாம்."

மச்சான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில், விசும்பி அழுதார். அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

எந்தக் கெடுதலும் செய்யாத இரண்டு முடிச்சுகளுக்குப் பயந்து, குணமாக்கக்கூடிய நோயை உள்ளேயே வளரவிட்டிருப்பார் மனிதர்! புற்றுநோய் இருக்கிறது என்று சொல்வது மட்டுமா ஸ்கேனின் வேலை? எங்கே இல்லை என்று சொல்வதும்தான். முன்னது பயமுறுத்தும். பின்னதுதான் பல நேரம் உயிரைக் காப்பாற்றும். ஆனால் 'தெரியவில்லை' என்று ஒரு டாக்டர் சொன்னால் நமக்கு மரியாதை குறைந்துவிடுகிறது. 'முடிந்தது' என்று அடித்துச் சொல்கிறவன்தான் நமக்கு மேதை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன வாரம் பார்த்தபோது மச்சான் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சில மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டுமாம்.

"நான்தான் நல்லா இருக்கறனே, அது எதுக்கு?" என்றார்.

"நல்லா இருக்கறீங்கன்னு யாரு சொன்னா?" என்றாள் அக்கா.

"நானேதான் சொல்றேன்."

"நீங்க என்ன ஸ்கேன் மெஷினுங்களா?"